தாளிக்கும் முன்னால் எடுத்து வைப்பது

கூண்டைச் சுத்தம் செய்யும்போது, கிழித்துப் போட்ட காகிதக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு நெத்திலிக் கருவாட்டின் தலை வந்தது. தலை மட்டும்தான். உடலைக் காணோம். தண்ணீர்க் குப்பியைப் பார்த்தேன். வழக்கமாக நாலு நாளைக்கு வருகிற தண்ணீர் ஒரே ராத்திரியில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாங்கள் வளர்க்கும் ஜெர்பில் எள்ளு மறுபடி குப்பிக்கு வந்தது. பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, குழாய் முனையில் இருக்கும் சின்ன எஃகு உருண்டையை நாக்கால் தள்ளித் தள்ளிக் குடித்தது. டிக், டிக், டிக் என்று அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

"பாப்பா, கருவாடு நீ போட்டியா?"

"ஆமாம்மா. நம்ம எல்லாரும் சாப்டோம்ல. அதுக்கும் பசிக்கும்ல."

ஏழு வயதுப் பிள்ளை. அவளிடம் என்ன குற்றம் சொல்ல முடியும்? உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எங்கள் வீடு. காற்று திரும்பினால் கருவாடு காயும் வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். வீட்டுக்கு யார் வந்தாலும், கூடவே ஒரு பூனை வந்தாலும், முதலில் ஒரு வாய் சாப்பாடு என்பதுதான் இங்கே பழக்கம். அவள் கற்றுக்கொண்டதைத்தான் செய்திருக்கிறாள்.

அன்றைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எள்ளின் எடை சுமார் 80 கிராம். நான் 60 கிலோ. அதாவது அதைப் போல 750 மடங்கு. அது தின்ற ஒரு நெத்திலி எனக்கு 750 நெத்திலி. கிட்டத்தட்ட முக்கால் கிலோ கருவாட்டை ஒரே ராத்திரியில் ஒரு ஆள் தின்றதற்குச் சமம். இந்தக் கணக்கு மனதில் பதிந்த பிறகு, "ஒரே ஒரு துண்டுதானே" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஜெர்பில் எலி மாதிரி இருக்கும், ஆனால் வாலில் முடி உண்டு, நுனியில் சின்னக் குஞ்சம் உண்டு. அந்த வாலைப் பிடித்து மட்டும் தூக்கவே கூடாது, தோல் உரிந்து கையோடு வந்துவிடும். பின்னங்கால் நீளம். பயந்தால் அதைத் தரையில் தட்டி உறுமி மேளம் போலச் சத்தம் எழுப்பும். சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு பொங்கலுக்கு, பாப்பாவுக்காக அண்ணன் தம்பியாக இரண்டு வாங்கிக்கொண்டு வந்தான். கருப்பாக இருந்தது எள்ளு. மணல் நிறத்தில் இருந்தது முத்து. வாங்கிய கடையில் சூரியகாந்தி விதை நிறைந்த ஒரு பையைக் கொடுத்து, "இதைப் போட்டா போதும் சார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எங்களுக்கும் அதற்குமேல் எதுவும் தெரியாது.

வீட்டில் முதலில் அதைச் சரியாக அடையாளம் கண்டவர் என் மாமியார். அத்தைக்குப் பிறந்த ஊர் கமுதிப் பக்கம். கடல் கிடையாது, மழை வந்தால்தான் விளைச்சல். கூண்டுக்குள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏத்தா, இது நம்ம வெள்ளெலில்ல?"

நான் சிரித்துவிட்டேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அத்தை சொன்னதில் பெரும்பகுதி சரி. நம் காட்டிலும் பொட்டலிலும் வளை தோண்டி வாழும் வெள்ளெலியும் ஜெர்பில் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எங்கள் வீட்டுக்கு வந்தது அதன் மங்கோலியச் சொந்தம். 1866-ல் அர்மான் தாவீது என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வடக்குச் சீனாவிலிருந்து இவற்றைப் பாரிசுக்கு அனுப்ப, மறு வருஷம் அங்கே மில்ன் எட்வர்ட்ஸ் என்ற விலங்கியலாளர் அறிவியல் பெயர் வைத்தார். 1935-ல் ஜப்பானுக்கும், 1954-ல் அங்கிருந்து 11 ஜோடி அமெரிக்காவுக்கும் போயின. இரண்டும் ஆராய்ச்சிக்கூடத்துக்காகத்தான். அதற்குப் பிறகுதான் வீடுகளுக்குள் நுழைந்தன. மங்கோலியப் புல்வெளியும் அரைப்பாலைவனமும்தான் அதன் சொந்த ஊர். மழை குறைவு, காற்று வறட்சி, தின்னக் கிடைப்பது விதையும் காய்ந்த புல்லும் எப்போதாவது ஒரு பூச்சியும். அதைக் கொண்டுவந்து, துணி காயவே ஒரு நாள் ஆகும் கடற்கரை ஈரக்காற்றில் வைத்திருந்தோம்.

முதல் மூன்று மாதமும் சூரியகாந்தி விதைதான். கிண்ணத்தில் எதைப் போட்டாலும் இரண்டும் முதலில் அதைத்தான் பொறுக்கும். இரண்டு கையாலும் விதையைப் பிடித்து, ஓரத்தைக் கடித்து, ஓட்டை இரண்டாகப் பிளந்து உதறிவிட்டுப் பருப்பை மட்டும் தின்பதைப் பார்க்க அழகாக இருக்கும். தீர்ந்ததும் எங்களை நிமிர்ந்து பார்க்கும். நாங்கள் மறுபடி போடுவோம். மற்ற தானியமெல்லாம் அப்படியே கிடக்கும். சமையலறைத் தராசில் ஒருநாள் விளையாட்டாக நிறுத்துப் பார்த்தால் எள்ளு 104 கிராம். அந்த விதையில் கொழுப்பு அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. ஜெர்பிலின் உடம்பு கொழுப்பைச் சீக்கிரம் சேர்த்துக்கொள்ளும், ரத்தத்திலும் ஏறும். அதோடு, பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்னும் பிராணிக்கு, கிண்ணம் காலியாகும் முன்பே மறுபடி நிரப்புவது நாமே கெடுப்பதுதான். இப்போது என் வழக்கம், போட்டதில் பெரும்பகுதி தீர்ந்த பிறகே அடுத்தது.

கருவாட்டு விஷயத்தில் எள்ளு தப்பித்தது. பக்கத்தில் தண்ணீர் இருந்ததால் தப்பித்தது என்றுதான் நினைக்கிறேன். முத்து தப்பிக்கவில்லை. அதற்குக் காரணம் கருவாடு இல்லை, நாங்கள் நல்லது என்று நினைத்துக் கொடுத்த ஒன்று.

அது மே மாதம், கத்திரி வெயில். மின்விசிறிக் காற்றே அனலாக வந்தது. இரண்டும் வயிற்றைத் தரையில் பரப்பிக்கொண்டு கிடந்தன. எங்கள் எல்லோருக்கும் தோன்றியது ஒன்றுதான்: பாவம், சூடு, குளிர்ச்சியாக ஏதாவது கொடுப்போம். ரோட்டோரம் குவித்து வைத்திருந்த தர்பூசணியில் ஒரு கீற்று. அடுத்த நாள் வெள்ளரிப் பிஞ்சில் பாதி. இரண்டும் ஆசையாகத் தின்றன. முகமெல்லாம் நனைந்திருந்தது. பாப்பா கைதட்டினாள். நானும்தான் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் முத்து மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. முடி சிலிர்த்து நின்றது, கண் பாதி மூடியிருந்தது, பின்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. வயிற்றுப்போக்கு. பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவரை அழைத்தேன். ஆடு, மாடு, கோழி பார்ப்பவர். ஆனாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஈரமான எதையும் இனிமே குடுக்காதீங்க, மேலுக்குச் சூடா வச்சிருங்க, சாயங்காலமே கொண்டு வாங்க. இவ்வளவு சின்ன உடம்புக்கு ஒரு நாள் வயித்தால போனாலே தாங்காதும்மா" என்றார். சாயங்காலம் கொண்டுபோனோம், மருந்தும் வாங்கினோம். ராத்திரி பதினொரு மணிக்கு என் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது. காகிதம் மாதிரி எடையே இல்லாமல் இருந்தது.

முருங்கை மரத்தடியில் புதைத்தோம். எள்ளு இரண்டு நாள் கூண்டு முழுக்கத் தோண்டித் தோண்டித் தேடியது.

மூன்றாம் நாள் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார். "வெள்ளெலி தண்ணிக்கு வந்து நான் பாத்ததே இல்லத்தா. கண்மாயி காஞ்சு வெடிச்சுக் கெடக்கும், அப்பயும் அது பாட்டுக்குத் திரியும். வானம் பாத்த பூமில கெடக்குற சீவன். அதுக்குப் போயி தர்பூசணி... எனக்கு அன்னைக்கே மனசுல பட்டுச்சு. சொல்லாம விட்டுட்டேன்."

அத்தை இதைச் சொல்லும்போது அழுதார். என்னைக் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தும் பேசவில்லை என்ற வருத்தம். அவருக்குத் தெரிந்திருந்த அந்த ஒன்றுதான் ஜெர்பில் வளர்ப்பில் முதல் பாடம் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அதன் சிறுநீரகம் கிடைத்த ஈரத்தைக் கடைசிச் சொட்டு வரை உடம்பிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்குச் சில சொட்டுகள்தான் வெளியே போகும். தின்னும் காய்ந்த தானியம் உடம்புக்குள் எரியும்போதே கொஞ்சம் நீர் உண்டாகும், அதையும் அது பயன்படுத்திக்கொள்ளும். நமக்கு வெயிலில் ஒத்துக்கொள்ளும் குளிர்ச்சி அதன் குடலுக்கு வெள்ளம். வெயிலுக்கு வேறு வழி இருக்கிறது. கூண்டை நிழலில், காற்றோட்டத்தில் வைக்கலாம். ஒரு ஓட்டுத் துண்டைக் குளிர வைத்து உள்ளே போட்டால் அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். தர்பூசணி வேண்டாம்.

அதற்காகத் தண்ணீரே வேண்டாம் என்று இல்லை. குப்பி எப்போதும் தொங்க வேண்டும். 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி போலக் குடிக்கும். இங்கே பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. குளிக்க, பாத்திரம் கழுவ அது, குடிக்கக் குடத்துக்கு இவ்வளவு என்று வண்டியில் வாங்குவது. நான் ஆரம்பத்தில் "எலிக்குத்தானே" என்று போர் தண்ணீரை ஊற்றினேன். ஒரு வாரத்தில் குப்பியின் குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்து எஃகு உருண்டை இறுகிவிட்டது. தட்டிப் பார்த்தால் சொட்டு வரவில்லை. குப்பி நிறையத் தண்ணீர் இருக்க, எள்ளு தாகத்தோடு இருந்திருக்கிறது. இப்போது நாங்கள் குடிக்கும் தண்ணீர்தான் அதற்கும். தினமும் மாற்றுகிறேன். மாற்றும்போது விரலால் உருண்டையை ஒருமுறை தள்ளிப் பார்க்காமல் மாட்டுவதில்லை.

சாப்பாட்டை முதலிலிருந்து மாற்றினோம். பாதி, ஜெர்பில் வகைக்கென்று விற்கும் உருண்டைத் தீவனம். இணையத்தில் வாங்குகிறேன். எல்லாச் சத்தும் ஒவ்வொரு உருண்டையிலும் ஒரே மாதிரி இருப்பதால் பொறுக்கித் தின்ன வழியில்லை. அது இல்லாமல் வெறும் வீட்டுத் தானியத்திலேயே ஓட்டிவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்துபோகும். மீதிப் பாதி அத்தையின் கைவண்ணம். உமி நீக்காத தினை, குதிரைவாலி, கம்பு, கொஞ்சம் சோளம், சர்க்கரை சேராத ஓட்ஸ். நம் மானாவாரி நிலத்துத் தானியங்கள்தான். இரண்டு பூசணி விதை. சூரியகாந்தி விதையை நிறுத்திவிடவில்லை. அதை வாரத்துக்கு நாலைந்து, கையிலிருந்து மட்டும் கொடுக்கிறோம். கையில் ஏறி வந்து வாங்கிக்கொள்ளப் பழகியது அந்த விதையால்தான்.

அளவு ஒரு உயிருக்கு ஒரு நாளைக்குப் பத்து கிராம் போல, ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. பார்க்கிறவர்களுக்கு இது மனசு ஆறாது. "இம்புட்டுத்தானா?" என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த 750 கணக்கை அவர்களிடமும் சொல்கிறேன். கிண்ணத்தில் போடாமல் காகிதத்துக்குள் தூவிவிடுகிறேன். காட்டில் தேடித் தின்ற பிராணி, தேடட்டும். தோண்டி, முகர்ந்து, ஒரு தினையைக் கண்டுபிடித்து அங்கேயே குந்திக்கொண்டு தின்னும். பத்து கிராமுக்கு ஒரு மணி நேர வேலை.

தானியம் வாங்குவதில் இரண்டு எச்சரிக்கை உண்டு. இதை எழுத உட்கார்ந்ததற்கே பாதிக் காரணம் இதுதான். முதலாவது, விதைக் கடையில் விதைப்புக்கென்று விற்கும் கம்பும் சோளமும். அதில் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் மருந்து கலந்து, சிவப்பிலோ நீலத்திலோ சாயம் ஏற்றியிருப்பார்கள். தெரிந்தவர் ஒருவர் மிச்சமான விதைக் கம்பை அன்போடு கொண்டுவந்து கொடுத்தார். கையில் கொட்டியதும் உள்ளங்கை இளஞ்சிவப்பாகிவிட்டது. அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அதேபோல மூட்டைக்குள் வண்டு மாத்திரை போட்டு வைத்த தானியம். அந்த மாத்திரை கக்குவது ஆளையே கொல்லும் புகை. சாப்பாட்டுக்கு என்று விற்கும் தானியம், அதுவும் எப்படிச் சேமித்தார்கள் என்று தெரிந்த இடத்தில் மட்டும்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது, நிலக்கடலை. எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, ஜெர்பிலுக்கும் ஆசை அதிகம். வறுத்து உப்புப் போட்டது கூடவே கூடாது. பச்சைக் கடலை ஒன்றிரண்டு கொடுக்கலாம், ஆனால் கடற்கரை ஈரத்தில் கடலை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் திணறி, கடைசியில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்குத் தீவனம்தான் என்று கண்டுபிடித்தார்கள். அப்படித்தான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சே உலகத்துக்குத் தெரியவந்தது. அது ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கிய பருப்பு, நிறம் மாறியது, காறல் வாடை அடிப்பது எதையும் நான் கூண்டுப் பக்கம் கொண்டுபோவதில்லை. தானியத்தையும் பத்து நாளைக்கு ஒருமுறை வெயிலில் உலர்த்தி, ஆறவிட்டு, இறுக மூடும் சம்படத்தில் போடுகிறோம். ஒரு மாதத்துக்கு மேல் வருகிற அளவு வாங்குவதே இல்லை.

சமையலறையிலிருந்து என்ன கொடுக்கலாம் என்பதற்கு அத்தை வைத்த வழிமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் அடுப்பு மேடையில் ஒரு சின்ன எவர்சில்வர் மூடி இருக்கிறது. காய் அரியும்போது, உப்பும் எண்ணெயும் மிளகாயும் படுவதற்கு முன்னால், தாளிக்கும் முன்னால், அதில் ஒரு துளி எடுத்து வைப்பார். கேரட் ஒரு நகக்கண் அளவு. பூசணி, குடமிளகாய், மக்காச்சோள முத்து இரண்டு, கொத்தமல்லித் தழை ஒரு கிள்ளு. வெள்ளரி கூட இப்போது கொடுக்கிறோம், சுண்டுவிரல் நகம் போல, வாரத்துக்கு ஒருமுறை. உப்புப் போடாமல் வடித்த சோற்றில் நாலு பருக்கை. அவித்த முட்டையின் வெள்ளையில் பட்டாணி அளவு. ஆப்பிள் வாங்கும் நாளில் விதை நீக்கி ஒரு சீவல். எதைப் புதிதாகக் கொடுத்தாலும் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்ப்போம், புழுக்கை கெட்டியாக, காய்ந்து இருக்கிறதா என்று. அது மாறினால் அந்தப் பொருளோடு எங்களுக்குச் சரிவராது. ஈரமான எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே கிடக்கக் கூடாது. புதைத்து வைத்துவிட்டால் இந்தக் காற்றில் மறுநாளே பூத்துவிடும். அதனால் சாயங்காலம் ஒருமுறை கையால் துழாவிப் பார்ப்பது பாப்பாவின் பொறுப்பு.

தாளிக்கும் முன்னால் எடுத்தது எல்லாம் நல்லது என்றும் இல்லை. வெங்காயமும் பூண்டும் பச்சையாக இருந்தாலும் ரத்த அணுக்களைக் கெடுக்கும். பச்சை உருளைக்கிழங்கு, முக்கியமாக முளைவிட்டது, பச்சை ஏறியது, ஆகாது. தக்காளிச் செடியின் இலையும் அப்படியே. ஊறவைக்காத, வேகாத ராஜ்மா விஷம். எலுமிச்சை, ஆரஞ்சுப் புளிப்பு வயிற்றைப் புண்ணாக்கும். சாக்லேட் பற்றிச் சொல்லவே வேண்டாம். பால் வேண்டாம், செரிக்காது. முறுக்கு, மிக்சர், பிஸ்கட், கருப்பட்டி, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த பனங்கிழங்கு, கீழக்கரையிலிருந்து தோழி அனுப்பும் தொதல், இவையெல்லாம் எங்களுக்கு. பாப்பாவுக்கு இதில் தொதல் மட்டும்தான் கஷ்டமாக இருந்தது. "இது எல்லாத்தையும் விட நல்லா இருக்கும்மா, ஒரு தடவை" என்று கேட்டாள். ஒட்டிக்கொள்ளும் அந்த இனிப்பு வாயில் அடைத்துக்கொண்டால் அதால் துப்ப முடியாது என்று சொன்னேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

உப்பு பற்றி இன்னொன்று. ஜெர்பிலுக்கு மணல் குளியல் வேண்டும். உருண்டு புரண்டு முடியில் ஏறும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிக்கொள்ளும், இந்த ஈரக்காற்றில் ரொம்பவே தேவை. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கடல். பாப்பா ஒரு டப்பா நிறையக் கடற்கரை மணல் அள்ளி வந்தாள், வெள்ளை வெளேரென்று. நல்லவேளை, கொட்டும் முன்னால் நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. புரண்டுவிட்டு உடம்பு முழுக்க நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி அது, மணலில் இருக்கும் உப்பெல்லாம் வயிற்றுக்குத்தான் போகும். கருவாட்டை நிறுத்திவிட்டு அதே உப்பை வேறு வழியில் கொடுத்திருப்போம். இப்போது ஆற்று மணலைப் பல தண்ணீர் விட்டு அலசி, தூசு போகச் சலித்து, சட்டியில் வறுத்து ஆறவைத்துக் கொடுக்கிறோம். ஈரக்காற்றால் ஒருமுறை எள்ளின் மூக்கைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. ரத்தம் என்று பதறிவிட்டேன். அது கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து வரும் சிவப்புக் கசிவு. ஈரமும் மன உளைச்சலும் அதிகமானால் கூடுதலாக வந்து மூக்கைப் புண்ணாக்கிவிடுமாம். மணல் குளியலும் காய்ந்த படுக்கையும் வந்த பிறகு ஆறிவிட்டது.

கடிக்கவும் ஏதாவது வேண்டும், அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். இதற்கு எங்கள் ஊரே விடை வைத்திருக்கிறது. பனையோலைக் கொட்டான். சாயம் ஏற்றாத, வெறும் ஓலையில் முடைந்தது. ஒன்றைக் கூண்டுக்குள் கவிழ்த்து வைத்தால், முதல் நாள் அதற்குள் வீடு. இரண்டாம் நாள் பக்கவாட்டில் ஒரு வாசல். ஒரு வாரத்தில் கொட்டான் இருந்த இடத்தில் நார் நாராக மெத்தை. அந்த ஓலையைக் கிழிக்கும் சத்தம் ராத்திரியில் மழைத் தூறல் போலக் கேட்கும். அட்டைப் பெட்டியும் கொடுப்போம், பசை நாடாவை உரித்துவிட்டு. கயிறும் நூலும் மட்டும் வைப்பதில்லை, காலில் சுற்றிக்கொண்டால் அறுத்துவிடும்.

முத்து போன பிறகு எள்ளைத் தனியாக விட மனம் வரவில்லை. கூட்டமாக வாழும் பிராணி அது. தம்பி ஒரு ஆண் குட்டியைக் கொண்டுவந்தான். அதற்குப் பெயர் உளுந்து. கூண்டுக்கு நடுவில் கம்பி வலை வைத்துத் தடுத்து, தினமும் இரண்டையும் இடம் மாற்றி, வாசனை பழகவிட்டு, இரண்டு வாரம் கழித்துத்தான் வலையை எடுத்தோம். அன்றைக்கு நான் தடித்த கையுறையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சண்டை வரவில்லை. எள்ளு குட்டியை முகர்ந்தது, கழுத்தை நக்கியது, பிறகு தான் புதைத்து வைத்திருந்த ஒரு பூசணி விதையைத் தோண்டி எடுத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றது.

எள்ளுக்கு இப்போது மூன்றரை வயது நெருங்குகிறது. ஜெர்பிலுக்கு மூன்று நாலு வருஷம்தான் ஆயுள். ஓட்டைப் பிளக்க முன்பு போல முடியவில்லை. விதையை நான் உரித்துக் கொடுக்கிறேன். உருண்டைத் தீவனத்தை அம்மியில் நுணுக்கி, ரெண்டு சொட்டு வெந்நீரில் மசித்து, அரை மணி நேரம் வைத்து எடுத்துவிடுகிறேன். உளுந்து அதைத் தின்ன வராமல் அந்த நேரம் பாப்பா அதைக் கையில் வைத்துக்கொள்கிறாள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை தராசில் நிறுத்து ஒரு நோட்டில் எழுதுகிறோம். 104-ல் இருந்து 86-க்கு வந்து ரொம்ப நாள் நின்றது. இன்றைக்கு 79.

இன்று மதியம் வீட்டில் சூடைமீன் குழம்பும் கேரட் பொரியலும். சட்டியில் எண்ணெய் காய்ந்துவிட்டது. கடுகைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை திரும்பிப் பார்த்தார். மூடியில் கேரட் துருவல் ஒரு சிட்டிகை இருந்தது.

"பெருசுக்குத் துருவி வச்சிருக்கேன், கடிக்க மாட்டாதுல்ல. சின்னதுக்குத் துண்டு," என்றார். அப்புறம் கடுகைப் போட்டார்.